வள்ளத்துக்குள்ள நல்ல தண்ணி

டீயைக் குடிங்க தம்பி, அவசரமில்ல. அந்தா நிக்குதுல்லா, பழைய துறைமுகத்துக்குள்ள, வெள்ளையா, ரெண்டு வள்ளத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு நடுவுல பந்தல் போட்ட மாதிரி, அதான் நம்ம படகு. நீங்க வாங்கப் போறதும் இதே மாதிரிதான? இருபது வருஷப் பழசா? அப்போ சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. இந்த மாதிரி படகுல ஓட்டை கண்டுபிடிக்க இந்தத் தூத்துக்குடியில என்னை விட்டா ஆள் கிடையாது. நான் சொல்லல, ஊர் சொல்லுது. இஞ்ஞாசி மச்சாதுன்னு என் பேரைச் சொல்லிக் கேட்டுப்பாருங்க.

வெள்ளைக்காரன் இதுக்குக் கட்டமரான்னு பேர் வச்சிருக்கான். நம்ம வார்த்தைதான். ஆனா நம்ம கட்டுமரத்துல ஓட்டை விழுமா? நாலு மரத்தைச் சேத்துக் கட்டுனது, தண்ணி மேலயும் வரும், கீழயும் போவும், யாரும் கேக்கப் போறதில்ல. இது அப்படியில்ல. ரெண்டு வள்ளமும் உள்ள வெறும் பொள்ளல், கூடு மாதிரி. ஃபைபர். உள்ள ரெண்டு கட்டில் கிடக்கு, அடுப்பு இருக்கு, நல்ல தண்ணித் தொட்டி இருக்கு. தண்ணி உள்ள வந்தா ரெண்டு இடத்துல வரும். ஒரு படகு வாங்குனா ரெண்டு படகு ஒழுகும். அதை முதல்ல மனசுல வச்சிக்கிடுங்க.

நான் இருபத்தேழு வருஷம் சரக்குக் கப்பல்ல, எஞ்சின் ரூம்ல ஃபிட்டர். ரிட்டயர் ஆயி வந்து ஆறு மாசம் வீட்டுல இருந்தேன். வீட்டுல இருந்த எல்லாக் குழாயையும் மாத்திட்டேன். அப்புறம் மாத்த ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரி எமில்டா, அவ பெரியாஸ்பத்திரியில நர்ஸு, வார்டுக்கே பொறுப்பா இருந்தவ, அவளும் அந்த வருஷந்தான் ரிட்டயர் ஆனா. அவதான் ஒருநாள் சொன்னா, நம்ம கண் டாக்டரு வெளியூருக்கு, மகன் வீட்டுக்கே போறாராம், அவரோட பாய்ப் படகைக் குடுத்துட்டுப் போறாராம், வாங்குவமான்னு. நான் யோசிச்சுப் பாத்து, சரி வாங்குவோம்னு முடிவு பண்ணுனேன். அந்த மாதிரி விஷயத்துல முடிவெடுக்கது நான்தான்.

வாங்குன மறுநாள் காலைல அடித்தட்டுப் பலகையைத் தூக்கிப் பாக்கேன், இடது வள்ளத்துல முழங்கை நனையிற அளவு தண்ணி. வலது வள்ளத்துல பாத்தா அதைவிட ஜாஸ்தி. டாக்டருக்குப் போன் போட்டேன். அவரு நிதானமா, அது அப்பப்ப இறைச்சு ஊத்திக்கிடணும்னாரு. கண்ணு டாக்டருல்லா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுத மாதிரி சொல்லுதாரு.

எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. அடியில கீறல். வேற என்னவா இருக்கும்? கப்பல்ல தண்ணி வந்தா கடல்லருந்துதான வரும். கிரேன் வரவச்சு, படகைக் கரையில தூக்கி வச்சு, ஃபைபர் வள்ளம் செய்யிற சேகுவைக் கூப்பிட்டேன். சேகு தருவைகுளத்துக்காரரு, நல்ல வேலைக்காரரு, ஆனா ரொம்ப யோசிப்பாரு. அவரு ஒரு மரச்சுத்தியலை வச்சு அடிப்பக்கம் பூரா தட்டித் தட்டிக் காது குடுத்துக் கேட்டுட்டு, அண்ணே, எங்கயும் சத்தம் மாறலியே, கெட்டியாத்தான இருக்குங்காரு. நான் கேக்கல. எஞ்சின் ரூம்ல இருபத்தேழு வருஷம் இருந்த காது எனக்கு, பாதி செவிடுன்னாலும் அனுபவம் இருக்குல்லா. இங்கன கிரைண்டரைப் போடுங்கன்னு ஒரு இடத்தைக் காட்டுனேன். அவரு ஒரு சாண் அளவு தேச்சாரு. உள்ள காஞ்சு பளபளன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் முன்னாடின்னேன். அங்கயும் காஞ்சு இருக்கு. இப்படியே ரெண்டு வள்ளத்துலயும் சேத்து ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குத் தேச்சாச்சு. தேச்ச இடத்தையெல்லாம் மறுபடி ரெசினும் ஃபைபர் விரிப்பும் வச்சு மூட வேண்டியதாப் போச்சு. பதினேழு நாள். ஆனா பாத்துக்கிடுங்க, இன்னைக்கு அந்த இடம் முன்னைவிட ரெண்டு மடங்கு கனம். அதுவும் ஒரு லாபந்தான்.

படகைத் தண்ணியில இறக்குனோம். மறுநாள் காலைல பலகையைத் தூக்குனா, அதே தண்ணி. அதே அளவு.

அன்னைக்கு வீட்டுல சோறு இறங்கல. பேசாம இதை வித்துருவோம்னு சொன்னேன். எமில்டா சாப்பிட்ட தட்டை எடுத்துட்டுப் போனவ, திரும்பி வந்து நின்னா. செப்டம்பர் பதினாலு மணப்பாட்டுல சிலுவைத் திருவிழா, அதுக்கு இந்தப் படகுலதான் போறேன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டேன்னா. மணப்பாடு அவளுக்குப் பிறந்த ஊரு. அவ தம்பி கஸ்பார் அங்க இருக்கான், வாயாடிப் பய. படகா, நீங்க ரெண்டு பேரும் நீந்தித்தான் வருவீங்கன்னு சொல்லியிருக்கான். திருவிழாவுக்கு ஏழு வாரம் இருக்கு. அவன் சொன்னது எனக்கும் உறைச்சுட்டு. ஆனா எமில்டா முகத்தைப் பாத்தா அது தம்பிக்காக வந்த கோவம் மாதிரி இல்ல. என்னன்னு கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல.

மறுநாள் காலைல என்கூடப் படகுக்கு வந்தா. ஒரு நோட்டும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் கொண்டாந்தா. வார்டுல நோயாளிக்கு எவ்வளவு தண்ணி உள்ள போச்சு, எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு எழுதுவாங்கல்லா, அந்தப் பழக்கம் அவளுக்குப் போவல. இடது வள்ளத்துத் தண்ணியை மக்கு மக்கா அளந்து வெளிய ஊத்துனா, எழுதுனா. வலது வள்ளத்துக்கும் அப்படியே. சாயங்காலம் மறுபடி வந்து அளந்தா. நான் சிரிச்சேன். அளந்தா தண்ணி நின்னுருமான்னு கேட்டேன். நோய் என்னன்னு தெரியாமலே நீங்க ஆபரேஷன் பண்ணிட்டீங்கல்ல, அதான் இப்ப பாக்கேன்னா. பெண்டாட்டி பேசுனா பேசிட்டுப் போறா. நான் கண்டுக்கிடல.

மூணாம் நாள், இடது வள்ளத்துத் தண்ணியில விரலை முக்கி நாக்குல வச்சுட்டா. ஆஸ்பத்திரியில அம்புட்டு வருஷம் இருந்தவ, அழுக்குத் தண்ணியை நாக்குல வைக்கா.

"இது உப்பு இல்லங்க," ன்னா. "நல்ல தண்ணி."

கடல்ல நிக்கிற படகுக்குள்ள நல்ல தண்ணி எப்படி வரும்? மழைன்னா நம்ம ஊர்ல ஜூலை மாசம் மழையப் பாத்தவன் யாரு? நான் நல்லா யோசிச்சேன். நான் யோசிச்சிட்டு இருக்கும்போதே அவ வீட்டுக்குப் போயி அடுப்படியில இருந்து கேசரிப் பவுடரை எடுத்துட்டு வந்து, நான் தினமும் நிரப்பி வைக்கிற குடிதண்ணித் தொட்டியில கொட்டிக் கலக்கிவிட்டுட்டா. எனக்கு வந்துச்சே ஆத்திரம், குடிக்கிற தண்ணியைப் பாழாக்கிட்டாளேன்னு. சாயங்காலம் பலகையைத் தூக்குனா, இடது வள்ளத்துல கேசரி மஞ்சத் தண்ணி, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி.

அப்பதான் நான் கண்டுபிடிச்சேன், தொட்டியிலதான் ஓட்டைன்னு. தொட்டிக்கு அடியில வர்ற ரப்பர் குழாய் வெடிச்சிருந்துச்சு. குழாய் என் சப்ஜெக்டுல்லா, அரை மணி நேரத்துல மாத்திட்டேன். மறுநாள் இடது வள்ளம் காஞ்சு கிடந்துச்சு. சேகுகிட்டச் சொன்னேன், பாத்தீரா, எனக்கு அப்பவே சந்தேகம் உண்டுன்னு. அவரு எமில்டாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, ஆமாண்ணேன்னாரு.

வலது வள்ளத்துக்கு இப்படி லேசுல முடியல. அங்க வந்தது உப்புத் தண்ணிதான், சந்தேகமே இல்ல. நான் மறுபடி கிரேனைக் கூப்பிடுவோம்னேன். அவ இன்னும் ஒரு வாரம் அளக்கணும்னா. இதுல எங்களுக்குள்ள பேச்சு முத்திட்டு. நான் சொன்னேன், உனக்குக் கப்பலப் பத்தி என்ன தெரியும்னு. அவ மக்கைத் துடைச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. ஆனா காலைல சாயங்காலம் அளக்க வந்துருவா. பேசாமலே அளப்பா. பேசாமலே எழுதுவா. அந்த ரெண்டு நாளும் எனக்கு இட்லி வந்துச்சு, சட்னி வந்துச்சு, சத்தம் மட்டும் வரல. அது பெரிய தண்டனை தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆவலன்னா தெரியாது.

அப்புறம் நான் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். வந்ததும் அவ நோட்டைத் தூக்கிட்டு வந்து முன்னால உக்காந்தா. அவளாப் பேசுனா.

"நீங்க ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் தண்ணி ரொம்பக் கம்மிங்க. நீங்க இருக்கிற நாளு ரெண்டு வாளி, மூணு வாளி. இல்லாத நாளு நாலஞ்சு மக்குதான்."

படகுக்கும் ஆளைத் தெரியும் போலன்னு சொன்னேன். அவ சிரிக்கல. தினமும் சாயங்காலம் படகுல போயி என்ன செய்வீங்கன்னு கேட்டா. என்ன செய்வேன், அவ அளந்து ஊத்துனது போவ மிச்சத்தைப் பம்பைப் போட்டு இறைப்பேன்.

பம்பைப் பத்திச் சொல்லணும்ல. வலது வள்ளத்துல தண்ணி இறைக்க ஒரு கரண்டுப் பம்பு மாட்டியிருந்துச்சு. புதுசு. வாங்குன வாரமே மாட்டுனது. குழாயை வள்ளத்தோட பக்கவாட்டுல ஒரு துளை போட்டு வெளிய விட்டிருந்துச்சு, கடல் மட்டத்துக்கு நாலு விரல் மேல. யாரு மாட்டுனாங்கிறது இப்ப முக்கியமில்ல. வீட்டுல அப்ப நான் ஒருத்தன்தான் சும்மா இருந்தேன்னு வச்சிக்கிடுங்க. மாட்டுனதுக்கு அப்புறம் என் டூல்ஸ் பெட்டி, வைஸு, பழைய செயினு, எல்லாத்தையும் வலது வள்ளத்துலதான் ஏத்துனேன். இடது பக்கம் எமில்டாவோட கட்டிலு, அங்க கிரீஸு பட்டா அவ சும்மா இருக்கமாட்டா. அந்தக் கனத்துல வலது வள்ளம் நாலு விரல் தாழ்ந்து போச்சு. குழாயோட வாய் தண்ணி மட்டத்துக்கே வந்துட்டு, அலை ஆட ஆட முங்கி முங்கி எழும்பும்.

எமில்டா படகுல இறங்கி அந்தக் குழாயைக் கையால தடவிக்கிட்டே போனா, பம்புல ஆரம்பிச்சு வெளிய போற வாய் வரைக்கும். பிறகு என்னை நிமிந்து பாத்தா.

"நெஞ்சுல நீர் கோத்தவனுக்கு டியூப் போட்டு பாட்டில்ல எறக்குவோம். அந்த பாட்டில் எப்பவும் ஆளுக்குக் கீழதான் இருக்கணும். யாராவது தெரியாம மேல தூக்கிட்டா, எறங்குன தண்ணி பூரா திரும்பி நெஞ்சுக்குள்ள போயிரும். ஆளே போயிருவான். இது அந்த டியூப்புதான். கடல்தான் அந்த பாட்டில். நீங்க பம்பை நிறுத்துனதும் கடல் திரும்பி உள்ள வருது."

நம்மளே தண்ணியை உள்ள விட்டுட்டு, நம்மளே இறைச்சிட்டு இருந்திருக்கோம். இன்னும் ரெண்டு விரல் தாழ்ந்து ராப்பூரா குழாய் முங்கிக் கிடந்திருந்தா, காலைல படகு துறைமுகத்துத் தரையில உக்காந்திருக்கும்.

அவ குத்திக்காட்டல. அதைச் சொல்லணும். குழாயை நடுவுல தூக்கி, மேல வளைச்சுக் கட்டணும், அப்ப திரும்பாதுன்னு மட்டும் சொன்னா. நான் உடனே ஒத்துக்கிடல. ஒரு கா மணி நேரம் குழாயை முன்ன பின்ன பாத்துட்டு, இதை மேல வளைச்சுக் கட்டுவோம், அதான் சரின்னு முடிவு பண்ணுனேன். கட்டுனேன், டூல்ஸையும் நடுவுக்கு மாத்துனேன். மூணு வாளித் தண்ணி நாலு மக்காக் கொறைஞ்சுட்டு.

அந்த நாலு மக்கு எங்கருந்துன்னு பாக்க அவ முகப் பவுடரைக் கொண்டாந்து, வள்ளத்துக்கு உள்ள அடி பூரா தூவிவிட்டா. குழந்தைக்குப் போடுத மாதிரி. எனக்குத் தும்மல். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, வெள்ளைப் பவுடர்ல எறும்பு ஊந்து போன தடம் மாதிரி ஒரு ஈரக் கோடு. கோட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனா, சுக்கான் தண்டு வள்ளத்துக்குள்ள நுழையிற இடத்துல முடியுது. அங்க இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சு நூலா இருக்கு. அதுக்குக் கிரேன் வேண்டாம்ட்டாரு சேகு. முன்பக்கம் மணல் மூட்டையை ஏத்துனா பின்பக்கம் தூக்கிரும்னாரு. பதினெட்டு மூட்டை. பதினெட்டையும் சுமந்தது நான்தான். வளையத்தை மாத்துனது சேகு. சாயங்காலம் எமில்டா மக்கை வச்சுக்கிட்டு வந்தா, அளக்க ஒண்ணுமில்ல. அவ அந்தப் பலகையில உக்காந்து சிரிச்சா பாருங்க. கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரன் கெஞ்சியும் அப்படிச் சிரிக்கல.

செப்டம்பர் பன்னெண்டு, விடியக் கிளம்பிட்டோம். கச்சான் காத்து, கரைப் பக்கத்துலருந்து நல்லா வீசுது. சுக்கானை எமில்டாகிட்டக் குடுத்தேன். அது லேசான வேலை, அவளுக்கும் பொழுது போவும். அவ அய்யா பாய் வள்ளத்துல மீன் பிடிச்சவரு, சின்ன வயசுல அவரு மடியில உக்காந்து போயிருக்காளாம், காத்து எந்தப் பக்கம் வந்தா பாயை எப்படித் திருப்பணும்னு அவளுக்குக் கொஞ்சம் தெரியும். கொஞ்சம்னா, எனக்குச் சுத்தமாத் தெரியாதுங்கிறதுனால அது போதும்னு வைங்க. முக்கியமான வேலை என்கிட்ட இருந்துச்சு. நான் வலது வள்ளத்துல இறங்கி, பலகையைத் தூக்கி வச்சுட்டு, டார்ச்சை அடிச்சு அடியைப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன். அரை மணிக்கு ஒரு தடவ, காஞ்சிருக்குன்னு மேல பாத்துக் குரல் குடுப்பேன். மேலருந்து சரிம்பா. அப்புறம் இடது வள்ளத்துக்குப் போவேன். காஞ்சிருக்கு. சரி.

பத்து மணி இருக்கும். மேல வாங்கன்னு கூப்பிட்டா. பாத்துட்டு இருக்கேன்னேன். திரும்பக் கூப்பிட்டா. இப்ப முடியாது, அலை கூடுது, இப்பதான் பாக்கணும்னேன். பிறகு சொன்னா. சத்தம் போடல, சாதாரணமாத்தான் சொன்னா, ஆனா ஒவ்வொரு வார்த்தையும் கீழ வந்து விழுது.

"இருபத்தேழு வருஷம் கப்பல்ல இருந்தீங்க. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது, கடல் எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். எஞ்சின் நல்லா இருந்துச்சும்பீங்க. இன்னைக்கு நானே கடலுக்கு வந்துட்டேன். பாக்கதுக்குப் பக்கத்துல ஆளில்ல."

நான் டார்ச்சை அணைச்சேன். ஏறி வந்தேன்.

என்ன சொல்ல தம்பி. தண்ணி பச்சையா இருக்கு. தூரத்துல திருச்செந்தூர்க் கோபுரம் தெரியுது, கடல்லருந்து பாத்தா மணலுக்குள்ளருந்து முளைச்ச மாதிரி. பாய் உப்பி நிக்குது, எஞ்சின் சத்தமே இல்லாம ரெண்டு வள்ளமும் போவுது. சத்தமில்லாமப் போற கப்பல்ல நான் உக்காந்ததே இல்ல. எமில்டா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, ஒரு கையால சுக்கானப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைச் சுருக்கி முன்னால பாத்துட்டு இருக்கா. எனக்கு அவளை அடையாளம் தெரியாத மாதிரி இருந்துச்சு. பக்கத்துல போயி உக்காந்தேன். நல்லா இருக்குன்னேன். எது, எஞ்சினான்னு கேட்டா. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்புறம் அவ சொன்னா, பழைய உடம்புன்னா எங்கயாவது ஒரு கிளாஸு கசியத்தான் செய்யும், அதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு. அதை மட்டும் நான் ஒத்துக்கிடல. அப்படியில்ல, இனிமே ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் கண்ணுல பட்டாலும் படகைக் கரையேத்தி, முன்னாலருந்து பின்னால வரைக்கும் அடி பூரா கிரைண்டர் போட்டுருவேன்னு சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லல. அவ என் முகத்தை ரொம்ப நேரம் பாத்தா. பாயைக் கொஞ்சம் இழுத்துக் கட்டச் சொன்னா, கட்டுனேன்.

ரெண்டு மணிக்கெல்லாம் மணப்பாடு. கஸ்பார் இடுப்பளவு தண்ணியில இறங்கி வந்து கயித்தப் பிடிச்சான். ஒரு வார்த்தை பேசல பய. அக்கா கையை மட்டும் பிடிச்சுக்கிட்டே நின்னான். நான் அவனை விடல. உள்ள கூட்டிட்டுப் போயி ரெண்டு பக்கமும் பலகையைத் தூக்கிக் காட்டுனேன். சாமியாருக்குக் காட்டுனேன். திருவிழாவுக்கு வந்தவங்கள்ல ஒரு முப்பது பேருக்குக் காட்டியிருப்பேன்.

அது ஆச்சு, வர்ற மாசத்தோட ரெண்டு வருஷம். இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. தினமும் காலைல வந்து நானே பாக்கேன், நானே சொல்லுதேன். காஞ்ச கட்டாந்தரை.

எமில்டாவா? அவ எனக்கு முன்னாலயே வந்துருவா. ஆறு மணிக்கெல்லாம் ஒரு ஸ்பாஞ்சையும் சின்ன வாளியையும் எடுத்துட்டுப் படகுக்குப் போயிருவா. அவ கூட்டித் துடைச்சு முடிக்க வரைக்கும் யாரும் ஏறக் கூடாது, நானும்தான். ஆஸ்பத்திரிச் சுத்தம் அவளுக்கு. பலகையைத் தூக்கி அடியில கூடத் துடைப்பா போல, ஒருநாள் கூடத் தவறுனதில்ல, காய்ச்சல்ல கூட வந்தா. துடைச்சு முடிச்சதும் வெளிய வந்து வாளியைச் சாய்ப்பா, ஒரு கிளாஸு அளவு இருக்கும், அழுக்குத் தண்ணி. பிறகு கையைக் காட்டுவா. அதுவரைக்கும் நான் இங்கன உக்காந்து டீ குடிப்பேன். இன்னைக்கு உங்ககூடப் பேசிட்டே நேரம் போனது தெரியல.

அந்தா பாருங்க, வாளியைச் சாய்க்கா. கையைக் காட்டிட்டா. வாங்க தம்பி, போவோம். செருப்பைக் கரையிலயே கழட்டிருங்க, இல்லன்னா ஏசுவா. உங்களுக்கு ரெண்டு பலகையையும் தூக்கிக் காட்டுதேன். பழைய படகுன்னா ஒழுகத்தான் செய்யும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க.